ஐந்து மூலை

முழங்கையை மடக்காதே என்று
கிரிக்கெட்டில் ஏழு வருடம் கத்தினார்கள்.
இங்கே முதல் நாளே,
"மடக்கு. இன்னும். காதுக்குப் பின்னாடி கொண்டு போ"
என்றாள் பவுலின்.
அவள்தான் எங்கள் பிட்சர்.
அந்தப் பேரை வைத்துப் பையன்கள் அடித்த ஜோக்கெல்லாம்
எப்போதோ தீர்ந்துவிட்டது.

பெரும்பாக்கம், காலை ஐந்தே முக்கால்.
எட்டு மாடி பிளாக்குகளுக்குப் பின்னால் இருக்கும் பொட்டல்
ஏழு மணிவரை எங்களுடையது.
அப்புறம் ஸ்டம்போடு வருவார்கள்.
"இன்னா, குச்சியே இல்லாம ஆடுறீங்க?"

நான் கேட்சர்.
ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு நான் எதிர்த் திசை.
எல்லாரும் என்னைப் பார்த்து நிற்கிறார்கள்,
நான் மட்டும் குந்தி உட்கார்ந்து
அவர்களையும் அவர்களுக்குப் பின்னால்
விடிகிற சதுப்பு நிலத்தையும் பார்க்கிறேன்.
கால் பயிற்சி எனக்குத் தனியாக வேண்டாம்.
லிஃப்ட் ஓடாத பிளாக், ஏழாம் மாடி.

விரல் நகங்களில் ஒயிட்னர் தடவியிருக்கிறேன்.
தொடைகளுக்கு நடுவில் காட்டும் சைகை
பவுலினுக்குத் தெரிய வேண்டும்.
ஒன்று என்றால் வேகம். இரண்டு, வளைவு.
வளைவு இன்னும் வளையவில்லை.
ஆனாலும் காட்டுகிறேன்.

பந்தில் நூற்றெட்டு இரட்டைத் தையல்.
எண்ணிச் சொன்னவள் நஸ்ரின்.
அர்ச்சனைச் சீட்டாடி என்று சிரித்தோம்.
கையுறைக்குள் போன பந்தைத் தேடக் கூடாது.
இருட்டில் சுவிட்ச் அகப்படுகிற மாதிரி
தையல் விரலுக்குத் தானாக அகப்பட வேண்டும்.
மீரட் கையுறைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து,
பந்தை உள்ளே வைத்துக் கட்டி,
அரிசி டிரம்முக்கு அடியில் ஒரு வாரம்.
அம்மா அதை நகர்த்தித்தான்
தினமும் உலைக்கு அரிசி எடுத்தாள்.

பிடி, எழு, எறி. நூறு தடவை.
இரண்டாம் பேஸுக்கு முதல் மாதம்
பந்து தவழ்ந்து போனது.
சுகிர்தா போனில் நேரம் பார்த்தாள்.
மூன்று புள்ளி ஒன்று.
இரண்டு புள்ளி எட்டு.
இரண்டு புள்ளி ஆறில்
மூன்று வாரம் பிடிவாதமாக நின்றது.
தோளைத் திட்டினேன், பந்தைத் திட்டினேன்.
குற்றம் வலது காலில் இருந்தது.
பந்து வந்தபிறகு அது கிளம்பியது.
வரும்போதே கிளம்ப வேண்டுமாம்.
அது வைக்க வேண்டிய இடத்தில்
என் செருப்பைப் போட்டு மிதித்துப் பழகினேன்.

ஹோம் பிளேட் நாங்களே வெட்டியது,
ஷேர் ஆட்டோவின் பழைய ரப்பர் விரிப்பில்.
ஐந்து மூலை.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரைகிற வீடு மாதிரி.
பவுலின் நிற்கும் இடத்திலிருந்து
அது நிமிர்ந்த வீடு.
கூரை முனை என்னைப் பார்த்து இருப்பதால்
எனக்கு அது கவிழ்ந்த வீடு.
ஆறாம் வகுப்பில், கூவத்தின் ஓரம்,
அப்படி ஒன்றை நேரிலேயே

நஸ்ரின் மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வருகிறாள்.
பந்து இன்னும் வந்து சேரவில்லை.
கையில் பந்து இல்லாமல்
வழியை மறிக்கக் கூடாது, அது விதி.
அம்மா மறித்தாள்.
அவள் கையில் ஒரு ரேஷன் கார்டு,
அதுவும் நகல்.

பந்து வந்தது.
தாழ்வாக, ஒரு தடவை மண்ணில் எகிறி.
சறுக்கி வந்த நஸ்ரினின் கணுக்காலில் வைத்தேன்.
"அவுட்!"
"இல்லடி, கால் பட்டுச்சு!"
தூசி அடங்கும்வரை சண்டை.
யார் சொன்னது சரி என்று
எனக்கே தெரியாது.

ஏழு மணி. ஸ்டம்புகள் வந்துவிட்டன.
சுகிர்தா போனை நீட்டுகிறாள்:
இரண்டு புள்ளி ஐந்து.
"செருப்பு இல்லாம எடுத்தது" என்கிறாள்.

ரப்பரைத் தட்டி, சுருட்டிப் பையில் வைக்கிறேன்.
இந்த வாரம் அதைத் தூக்கும் முறை என்னுடையது.
நாளைக்கு மழை என்கிறது போன்.
பெய்தால்
நாலாம் மாடி வராந்தாவில்
துண்டின் முனையை முடிச்சுப் போட்டு
வீசுவோம்.
துவைத்த துணியைக் கொஞ்சம் தள்ளிக் காயப்போடச் சொல்லி
எல்லா வீட்டிலும் கேட்டாயிற்று.